மடியில் கனமுள்ள கனவான்

பஸ் ஸ்டாண்டில் ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். அதைப் படித்ததும் ஆளாளுக்குப் பணம் வைத்திருக்கும் இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். திருடன் அந்தப் பலகைக்கு அடியில்தான் நிற்பான், யார் எங்கே தொடுகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ள, என்பார் என் மாமா. அவருடைய ஞானம் எனக்கு முப்பது வருஷம் கழித்து, டெக்சாஸில், டல்லாஸ் புறநகர் ஒன்றின் ஜிம்மில், காலை ஐந்தரை மணிக்குப் பயன்பட்டது.

டிரெட்மில் வரிசைக்கு மேலே டிவி. எங்கோ துப்பாக்கிச் சூடு என்று செய்தி ஓடுகிறது. டிரெட்மில்லில் இருந்த ஐந்து பேரும் தலையைத் தூக்கிப் பார்க்கிறோம். நாலு பேர் மறுபடி ஓட ஆரம்பித்துவிடுகிறோம். ஐந்தாமவரின் வலக்கை மட்டும் தொப்புளுக்குக் கீழே போய், எதையோ தொட்டு, ‘இருக்கிறது’ என்று சமாதானமாகித் திரும்பி வருகிறது. பஸ்ஸில் என் பாட்டி இடுப்புச் சுருக்குப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வாளே, அதே தடவல். பாட்டியின் பையில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மூன்று ரூபாய்ச் சில்லறை. இவருடைய இடுப்பில் பதினொரு தோட்டா.

கனம் உடையவர் கனவான். ஆகவே அந்தப் பெயரையே இவருக்கு வைத்துவிட்டேன்.

கனவானைக் கண்டுபிடிக்க மாமாவின் ஞானம்கூட அவசியமில்லை. ஜூலை மாதம், வெளியே 40 டிகிரி. ஜிம்முக்கு வருகிறவர்கள் சட்டம் அனுமதிக்கிற அளவுக்குத் துணியைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். இவர் மட்டும் இரண்டு சைஸ் பெரிய கறுப்புச் சட்டையில், கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்துவிட்ட கூடாரம் மாதிரி வருவார். மற்றவர்கள் தொப்பையைக் கரைக்க வருகிற இடத்துக்கு வீட்டிலிருந்தே ஒரு தொப்பையைக் கட்டிக்கொண்டு வருகிறவர் அவர் ஒருவர்தான்.

சட்டைக்கு மேலே துப்பாக்கியின் உருவம் புடைத்துத் தெரிவதற்கு, அதை மறைத்து வைத்திருப்பவர்கள் வட்டாரத்தில் ‘பிரிண்ட் ஆவது’ என்று பெயர். கொள்ளைக்காரனுக்கு அஞ்சுவதைவிட பிரிண்ட்டுக்குத்தான் கனவான் அதிகம் அஞ்சுவார். ஜிம்மில் நாலு பக்கமும் கண்ணாடி. எல்லோரும் அதில் தம் புஜத்தைப் பார்க்கிறார்கள். அவர் தம் வயிற்றைப் பார்க்கிறார்.

சட்டப்படி இதில் தப்பு எதுவும் இல்லை. டெக்சாஸில் 1996 முதல் உரிமம் வாங்கியவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு சட்டத்தடை எதுவும் இல்லாதவர்களுக்கு அந்த உரிமமும் வேண்டியதில்லை. ஆனாலும் கனவான் உரிமம் வைத்திருக்கிறார். நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, பிறகு 50 தோட்டா சுட்டுக் காட்டும் தேர்வு. அதில் 250-க்கு 250 வாங்கியதை அவர் என்னிடம் சொன்னபோது, பிளஸ் டூவில் மாநில ரேங்க் வாங்கிய பையனுடைய அப்பாவின் குரல் கேட்டது.

‘எங்கள் கடைக்குள் இது வேண்டாம்’ என்று நினைக்கிற முதலாளி வாசலில் பலகை வைக்கலாம். எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். வாசகமும் சட்டத்தில் உள்ளபடி இருக்க வேண்டும். தண்டனைச் சட்டத்தில் இது 30.06-ஆம் பிரிவு. அமெரிக்க ராணுவம் 1906-ல் ஏற்றுக்கொண்ட பிரபலமான ரைஃபிள் தோட்டாவுக்கும் ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ என்றே பெயர். இந்தப் பொருத்தத்தை கனவான் இதுவரை என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டார்; நாலு தடவையும் அவரேதான் முதலில் சிரித்தார். அந்தப் பலகை முளைத்த காரணத்தால் இரண்டு ஜிம்மை விட்டு விலகியவர் அவர். நாம் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். அவர் ஜிம் பார்க்கப் போனால் வாசற்கதவைப் படித்துப் பார்ப்பார்.

வாசலைத் தாண்டிவிட்டால் அடுத்த பிரச்சினை, எங்கே வைத்துக்கொள்வது? அலுவலகப் பேண்ட்டுக்குப் பெல்ட் இருக்கிறது. ஜிம் பேண்ட்டுக்கு எலாஸ்டிக்தான். எலாஸ்டிக்கை நம்பியவரின் கதை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். பிளாக்சிகோ பர்ரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், 2008 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஆட்டத்தின் வெற்றிப் பந்தைப் பிடித்து நியூயார்க்கின் செல்லப்பிள்ளை ஆனவர். அதே வருஷம் நவம்பரில் ஓர் இரவு விடுதிக்கு, ஸ்வெட் பேண்ட்டின் இடுப்பில் கிளாக் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போனார். அது கால் வழியே வழுக்கியது. பந்து பிடித்தே பிழைக்கிற மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? பிடித்துவிட்டார். பிடித்த இடம் விசை. தொடையில் குண்டு, நியூயார்க்கில் செல்லுபடியாகும் உரிமம் இல்லாததால் இரண்டு வருஷச் சிறைத் தண்டனை.

இதிலிருந்து கனவான் கற்றுக்கொண்ட பாடம் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பதில்லை. எலாஸ்டிக்கை நம்பக் கூடாது என்பது. ஆகவே பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் சேலையை இறுக்கிச் சுற்றுவார்களே, அந்த மாதிரி ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு, அதற்குள் கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அது. இருக்குமிடம் குடல்வாலுக்கு நேரே என்பதால் இந்த முறைக்குப் பெயரே ‘அப்பெண்டிக்ஸ் கேரி’. அந்த நிலையில் குழாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குத்தான் கால் கூசுகிறது.

பெண்களுக்குப் புடவை போல, கனவானுக்கு வேளைக்கு ஒரு துப்பாக்கி. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் 1911 ரகம், பட்டுப் புடவை. விசேஷத்துக்குத்தான் வெளியே எடுப்பார். கிளாக் 19, ஆபீஸுக்குக் கட்டும் காட்டன். 2018-ல் வந்த சிக் சவர் பி365, காலியாக அரைக் கிலோ, கடைத்தெருவுக்கும் ஜிம்முக்கும். கால் கிலோவைச் சற்றே தாண்டும் ரூகர் எல்சிபி, வீட்டில் போடும் நைட்டி.

இனி உடற்பயிற்சிக்கு வருவோம். ‘புல் அப்’ எடுக்கக் கையைத் தூக்கினால் சட்டையும் தூக்கிக்கொள்ளும், வேண்டாம். ‘பெஞ்ச் பிரஸ்’ செய்ய மல்லாந்து படுத்தால் வயிற்றில் குன்று முளைக்கும், வேண்டாம். ‘ஸ்குவாட்’டில் உட்கார்ந்தால் உறையின் அடிமுனை தொடையிடுக்கில் குத்தும். ‘சிட் அப்’ என்று எழுந்தால் பிடியின் முனை விலாவில் இடிக்கும். ஓடினால் குலுங்கும், நடக்கலாம். மிச்சம் என்ன? நின்ற இடத்தில் நின்று முழங்கையை மடக்கி டம்பெல் தூக்குவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, இரண்டுதான். மூன்று வருஷமாக இதையே செய்து, கனவானுக்குப் புஜமும் கெண்டைக்காலும் மட்டும் பீமனுக்கு இருப்பது போல் திரண்டிருக்கின்றன. நடுவில் இருப்பதெல்லாம் வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே.

ஷூ லேஸ் அவிழ்ந்தால் குனியவும் முடியாது. பெஞ்ச் மேல் காலைத் தூக்கி வைத்து, முதுகைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு கட்டுவார். காலுக்கு மருதாணி வைத்துக்கொண்டவர் மாதிரி இருக்கும்.

பழக்கமான பிறகு ஒருநாள் கேட்டேன். “இங்கே லாக்கரில் வைத்துப் பூட்டிவிடக் கூடாதா?”

“லாக்கரை உடைத்துத் திருடிவிட்டால்?”

“காரில்?”

“காரிலிருந்துதான் நிறையத் திருட்டுப் போகிறது.”

“அப்படியானால் வீட்டிலேயே...”

“வழியில் ஏதாவது ஆனால்?”

துப்பாக்கியைத் திருடனிடமிருந்து காக்க அவர்; அவரைத் திருடனிடமிருந்து காக்கத் துப்பாக்கி. ஒருவருக்கொருவர் துணையாக இரண்டு பேரும் ஜிம்முக்கு வந்து போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவருடைய பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். 2009 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் அருகே ஜிம் ஒன்றின் ஏரோபிக்ஸ் வகுப்புக்குள் ஒருவன் நுழைந்து, விளக்கை அணைத்துவிட்டுச் சுட்டான். மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். அந்தச் செய்தியைச் சொல்லும்போது மட்டும் கனவானின் குரல் இறங்கிவிடும். எனக்கும் சிரிக்கத் தோன்றாது. “போலீஸ் வர நிமிஷக் கணக்காகும்” என்பார். உண்மைதான். இருட்டில் எங்கிருந்து குண்டு வருகிறது என்று தெரியாத இடத்தில் அந்த டம்பெல் புஜம் என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்றார்கள் பெரியவர்கள். முதலில் கனம், பிறகு பயம். கனவான் வரிசையை மாற்றினார். வழியில் பயம், அதனால் மடியில் கனம். பயம் அதோடு போயிற்றா என்றால் குட்டிபோட்டதுதான் மிச்சம். தெரிந்துவிடுமோ, விழுந்துவிடுமோ, வியர்வையில் துருப்பிடித்துவிடுமோ. தினமும் வீட்டுக்குப் போய்க் குளிக்கிறாரோ இல்லையோ, அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுவிடுவார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நாம் விட்டுவிட்டோம். அவர் வீட்டில் அது நடக்கிறது.

இப்படியிருக்க, போன மாதம் அது நடந்தது. கனவான் வலக்கையில் 11 கிலோ டம்பெல்லை மடக்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பையன் 140 கிலோ பாரைத் தூக்கி, இறக்காமல் அப்படியே விட்டுவிட்டான்.

தடால்!

கனவானின் வலக்கை பயிற்சி பெற்ற கை. கண் இமைக்கும் நேரத்தில் இடுப்புக்குப் போய்விட்டது. போகிற வேகத்தில், கையில் இருந்ததை எங்கே வைப்பது என்று அது யோசிக்கவில்லை. டம்பெல் நேராக அவருடைய பாதத்தில் இறங்கியது.

துப்பாக்கியை அவர் வெளியே எடுக்கவில்லை. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

வரவேற்பு மேஜைப் பெண் ஐஸ் பையோடு ஓடி வந்தாள். ஆம்புலன்ஸும், அதற்குத் துணையாக இந்த ஊர் வழக்கப்படி தீயணைப்பு வண்டியும் வந்தன. வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: “சார், ஆயுதம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?”

கனவான் ஏதோ முணுமுணுத்தார்.

“கேட்கவில்லை, சார்.”

“இடுப்பில் ஒன்று இருக்கிறது” என்றாள் வரவேற்புப் பெண்.

கனவான் கால் வலியை மறந்து நிமிர்ந்தார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“தினமும் உள்ளே வரும்போது தொட்டுப் பார்ப்பீர்களே, சார். சேர்ந்த நாளிலிருந்தே தெரியும்.”

யோகா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த வெள்ளைத்தலைப் பாட்டியம்மாள் ஆறுதலாகச் சொன்னார்: “நீலச் சட்டையில் அவ்வளவாகத் தெரியாது. இந்தக் கறுப்பில்தான்.”

டம்பெல் விழுந்தபோதுகூட அந்த முகம் அப்படி வெளுக்கவில்லை. மனைவி வந்து துப்பாக்கியை வாங்கித் தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பையைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே ஏற்கெனவே ஒன்று இருந்தது.

அன்றிலிருந்து எனக்கொரு புது வியாதி. ஜிம்மில் யார் எதிரே வந்தாலும் முதலில் இடுப்பைப் பார்க்கிறேன், பிறகு நாலடி தள்ளிப் போகிறேன். கனம் அவர்கள் மடியில். பயம் என் வழியில்.

நேற்று கனவான் திரும்பி வந்துவிட்டார். இரண்டு கால்விரல் எலும்பு முறிவு, முழங்கால் வரைக்கும் பெரிய பிளாஸ்டிக் பூட்ஸ். நீலச் சட்டை போட்டிருந்தார். நலம் விசாரித்தேன். பூட்ஸைத் தூக்கிக் காட்டி, அதில் பட்டையை ஒட்டிப் பிரிக்கிற சத்தத்தைக் கேட்கச் சொன்னார்.

“பார்த்தீர்களா? இதற்கு லேஸே கிடையாது!”

ஒரு கவலை விட்டது என்ற நிம்மதி முகத்தில். கை மட்டும் ஒருமுறை தொப்புளுக்குக் கீழே போய் வந்தது.