கோட் ஓவியர்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவது ஒரு ஐடி கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றால் இவரைப் பார்த்துவிடலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். வலது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மட்டும் மூடிய ஒரு கறுப்புக் கையுறை. ராத்திரி டேப்லெட்டில் வரைந்தவர் கழற்ற மறந்துவிட்டாராம். மறதியெல்லாம் இல்லை. "கையில என்ன சார், அடிபட்டுடுச்சா?" என்று யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டவர் தொலைந்தார். பகலில் டெவலப்பர், இரவில் டிஜிட்டல் ஆர்ட்டிஸ்ட் என்று கதை ஆரம்பமாகும். ஆபீஸில் இவர் கோட் எழுதுவது யாருக்கும் ஞாபகம் இல்லை. பொங்கல் விழா பேனர், டீம் டி-ஷர்ட், வேலையை விட்டுப் போகிறவருக்குக் கேலிச்சித்திரம், எல்லாம் இவர் தலையில். ஓவியர்கள் கூடும் இடத்துக்குப் போனால், "தம்பி, என் லேப்டாப் ஏன் இப்படித் திணறுது?" சித்தி வேறு ரகம். "சித்தப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு அவரை வரைஞ்சு குடுடா. கம்ப்யூட்டர்தானே வரையப் போகுது, உனக்கென்ன?"

இவர் வேலையிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஒரு பட்டனின் நீல நிறத்துக்கு வாரம் முழுக்கச் செலவழிப்பார். டெஸ்டிங் செய்யும் பெண், "பட்டன் ரொம்ப அழகா இருக்கு சார். அழுத்தினாத்தான் ஒண்ணும் நடக்கல" என்பாள். சனிக்கிழமை வரைய உட்காருவார். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் பிரஷ்கள் கலைந்து கிடப்பது கண்ணை உறுத்தும். அடுக்கிவைக்கப் பைத்தானில் சின்னதாக ஒரு பிளகின் எழுதுவார். ஞாயிறு இரவு பார்த்தால் பிளகின் பிரமாதம். கேன்வாஸ் வெள்ளை வெளேர்.

கிண்டல் செய்தால் சரித்திரத்தை எடுத்துவிடுவார். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்புக்கு மூலகாரணம் தாமஸ் நால், ஜான் நால் என்ற அண்ணன் தம்பி. ஒருவர் புரோகிராம் எழுதுபவர், மற்றவர் சினிமா ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்காரர். "அவங்க ரெண்டு பேரா செஞ்சதை நான் ஒருத்தனே செய்யறேன்." அடுத்து கென் பெர்லின். மேகத்தையும் பளிங்கையும் கணக்கிலேயே வரவழைத்த புரோகிராமர். 1997இல் ஆஸ்கர் அகாடமியே தொழில்நுட்ப விருது கொடுத்தது. இதை அப்ரைசலிலும் சொல்லிப் பார்த்தார். மேனேஜர் கண் கலங்கக் கேட்டுவிட்டு ஆறு சதவீதம் போட்டார்.

அம்மாவிடம்தான் எதுவும் செல்லுபடியாகாது. மார்கழியில் ஒருநாள், முழங்கால் வலி என்று கோலமாவுக் கிண்ணத்தை இவர் கையில் கொடுத்துவிட்டாள். மூன்றாவது சுழியில் கோடு கோணியது. உடனே இரண்டு விரலால் தரையைத் தட்டினார். டேப்லெட்டில் அப்படித் தட்டினால் போட்ட கோடு மறையும். சிமெண்டுத் தரைக்கு அது தெரியவில்லை.

"கோலமே ஒரு புரோகிராம்தாம்மா" என்று சமாளித்தார். "கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன்னு மூணு பேர், 1974லேயே கோலத்துக்கு இலக்கணம் கண்டுபிடிச்சு, கம்ப்யூட்டர் பத்திரிகையில கட்டுரை எழுதியிருக்காங்க. நம்ம மெட்ராஸ்காரங்க!"

அம்மா கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "எழுதட்டும்டா. அவங்க கோலத்தைப் போட்டுட்டு எழுதியிருப்பாங்க."