அயர்ன் வண்டி ஒயரின் இலக்கணம்

'நீளம் மிகின் தடை மிகும். பருமன் மிகின் அது தளரும்.'

என்பது சூத்திரம். இது என் நுதலிற்றோ எனின், தேனி ரோடும் பைபாஸ் ரோடும் வெட்டிக்கொள்ளும் மதுரைக் காளவாசலில், மேம்பாலத்தை விட்டு உள்ளே ஒதுங்கிய ஏதேனும் ஒரு தெருவில், வேப்பமரத்தடி அயர்ன் வண்டிக்கும் எதிர்வீட்டு பிளக் பாயிண்டுக்கும் நடுவே தொங்கும் ஒயரின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. அந்த மின்சாரம் வீட்டுக் கணக்கா, கடைக் கணக்கா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. வரவும் வேண்டாம்.

கரிப்பெட்டி ஆண்ட காலத்தில் இச்சூத்திரத்துக்குத் தேவை எழவில்லை. கரிக்கு ஒயர் கிடையாது. மின்பெட்டி வந்த பிறகுதான் 'கரண்ட் வலுவா வரலண்ணே' என்னும் வாக்கியம் வழக்கில் புகுந்தது. குற்றவாளியாக ஈபிக்காரர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒயரை எவரும் விசாரிக்கவில்லை.

விசாரித்துக் கணக்கை வெளியிட்டவர் ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பள்ளி வாத்தியார், கியோர்க் ஓம். 1825இல் அவர் பயன்படுத்திய மின்கலம் நிலையாக நிற்கவில்லை. கிடைத்த சூத்திரமும் தப்பாகப் போயிற்று. மறு ஆண்டு பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து மின்னோட்டம் எடுத்தார். 2 அங்குலம் தொடங்கி 130 அங்குலம் வரை எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். கம்பி நீள நீள மின்னோட்டம் கணக்குத் தவறாமல் இளைத்தது. 1827இல் நூலாக வெளியிட்டார். 130 அங்குலம் என்பது பதினோரு அடிகூட இல்லை. நம் அயர்ன் வண்டிக்கு அது மரத்தைத் தாண்டவே போதாது.

காரணம் எளிது. உலோகத்துக்குள் நகரும் எலக்ட்ரான்கள் போகிற வழியெல்லாம் இடிபட்டு ஆற்றலை இழக்கின்றன. வழி இரட்டித்தால் இழப்புக்கான வாய்ப்பும் இரட்டிக்கும். கம்பியின் வெட்டுப்பரப்பை இரட்டித்தால் தடை பாதியாகும்.

இனி அளவு. முக்கால் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒன்றுக்கு கிலோமீட்டருக்கு 26 ஓம் வரை தடை உண்டு. வண்டி வரை 30 மீட்டர் எனக் கொள்வோம். '30 மீட்டர்தானே' என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது, என்னை? போன மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்பியாக வேண்டும். ஆகவே 60 மீட்டர், தடை ஏறக்குறைய ஒன்றரை ஓம். 230 வோல்ட்டில் 1000 வாட் என்று அச்சிட்ட பெட்டிக்கு, ஒயரில் ஆறரை வோல்ட் கழிந்து, கிடைப்பது சுமார் 940 வாட். 28 வாட் ஒயரைச் சூடேற்றப் போகிறது. மீதி முப்பது எங்கே என்று கேட்போர்க்கு விடை: மொத்தத் தடை கூடியதால் அது வீட்டிலிருந்து கிளம்பவே இல்லை. அந்த மட்டில் மீட்டர் யோக்கியம். ஆனால் 36 மணி நேரத்துக்கு ஒரு யூனிட் வீதம், வேப்பங்கிளையைக் கதகதப்பாக வைத்திருக்க வீட்டுக்காரர் காசு கட்டுகிறார்.

மிஞ்சிய ஒயரைச் சுருட்டி வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டால் நீளம் குறைந்துவிடும் என்பாரும் உளர். அவர்க்கு மறுப்பு: நீளம் அப்படியே இருக்கும், சுருளுக்குள் சூடு மட்டும் அடைபடும். செம்பு ஒரு டிகிரி சூடேறினால் தடை நூற்றுக்கு 0.4 அளவு ஏறும், மேலுறையும் இளகும். போதாக்குறைக்கு நடுவில் முறுக்கி டேப்பு சுற்றிய ஜாயிண்ட் வேறு. அது தளர்ந்தால் பல மீட்டர் ஒயரின் தடையைத் தான் ஒருவனாகத் தரும். இதனைப் புறனடையாகக் கொள்க.

பெரிய அளவில் இச்சிக்கலைத் தீர்த்தவர்கள் உண்டு. நீலகிரியின் பைக்காராவில் 1932இல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதே பெயரில் திருப்பரங்குன்றம் ரோட்டில் நமக்கும் ஒரு பைக்காரா உண்டு. மலையிலிருந்து மதுரைக்கு மின்சாரம் வர நேர்கோட்டிலேயே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரத்துக்குக் கம்பியைத் தடிப்பாக்கினால் கட்டுபடியாகாது. ஆகவே வோல்டேஜை ஏற்றுவார்கள்: பத்து மடங்கு ஏற்றினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்று, அதே கம்பியில் இழப்பு நூறில் ஒன்று. அயர்ன் வண்டிக்கு இவ்வழி அடைப்பு.

எனவே முடிபு: இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு இரண்டு வோல்ட் சொச்சத்தோடு நிற்கும். அடுத்த முறை ஈபிக்குப் போன் போடுமுன், பிளக்கைக் கழற்றிவிட்டு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் புகார் ஒயரின் மேல்தான்.