நர்சிங்: எந்தப் படி, எந்தப் படிப்பு?

கேள்வி: நீட் மதிப்பெண் குறைந்துவிட்டது. பி.எஸ்சி. நர்சிங்கும் கைவிட்டுப் போச்சா?
(பிளஸ் டூ மாணவி, அண்ணாகிராமம்)

பதில்: போகவில்லை. தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு உண்டு. நீட் மதிப்பெண் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மரும், பெண்களுக்கான ராணுவ நர்சிங் கல்லூரிகளும் அதைக் கேட்கும்.

கேள்வி: அண்ணாமலைப் பல்கலைக்கழக நர்சிங் கல்லூரி இப்போது யாருடையது?
(ஒரு தந்தை, சிதம்பரம்)

பதில்: அரசுடையது. பல்கலைக்கழகத்தை 2013இலேயே அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் மருத்துவப் படிப்புக் கட்டணம் இறங்கவில்லை. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரியும் சுகாதாரத் துறைக்கு வந்தன. மாணவர்கள் உட்கார்ந்து வாங்கிய நியாயம் அது. உங்கள் மகள் அதன் பலனை அனுபவிக்கட்டும்.

கேள்வி: ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. என்று அடுக்குகிறார்கள். எது எதற்கு?
(வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: ஏ.என்.எம். 2 ஆண்டு. ஊருக்குள் கர்ப்பிணிகளையும் தடுப்பூசியையும் கவனிக்கும் கிராம சுகாதார செவிலியர் இந்த வழியில் வருகிறவர். ஜி.என்.எம். 3 ஆண்டு டிப்ளமோ; முடித்தால் ஸ்டாஃப் நர்ஸ். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுக்காதவர்களுக்கும் இவற்றில் இடம் உண்டு. பி.எஸ்சி. 4 ஆண்டு பட்டம், 8 செமஸ்டர். கடைசி செமஸ்டர் முழுக்க மருத்துவமனையில் பயிற்சி. எதில் தொடங்கினாலும் மேலே ஏற வழி இருக்கிறது. குடும்பச் சூழ்நிலையால் ஏ.என்.எம். சேர்ந்த பெண்ணிடம் "அவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். "அடுத்து எப்போது?" என்று கேளுங்கள்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டு பக்கம் "ஒரே வருடத்தில் நர்சிங், உடனடி வேலை" என்று போர்டு இருக்கிறதே?
(ஒரு தாய், பண்ருட்டி)

பதில்: உள்ளே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முடித்தால் தமிழ்நாடு நர்ஸுகள், தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?" நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஓராண்டில் பதிவு பெற்ற நர்ஸ் ஆக வழியே இல்லை. உதவியாளர் பயிற்சி என்று சொல்லிச் சேர்த்தால் அது நேர்மை. அந்த வேலைக்கும் ஆள் தேவைதான். நர்சிங் என்று சொல்லிச் சேர்த்தால் அது ஏமாற்று. முந்திரியும் பலாவும் விற்ற காசைக் கட்டிவிட்டு, படிப்பு முடிந்த பிறகு சர்டிபிகேட் செல்லாது என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் முதலில் பார்ப்பதே கவுன்சில் பதிவைத்தான்.

கேள்வி: தொலைதூரக் கல்வியில் நர்சிங் உண்டா?
(வாசகர், புவனகிரி)

பதில்: பி.எஸ்சி. நர்சிங்குக்கு இல்லை. தொலைதூரத்தில் நடத்தக் கூடாத படிப்புகள் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருக்கும் பட்டியலில் நர்சிங்கும் இருக்கிறது. வரலாற்றை வீட்டிலிருந்து படிக்கலாம். ஊசி போட வீட்டிலிருந்து பழக முடியாது.

கேள்வி: ஜி.என்.எம். முடித்து வேலை பார்க்கிறேன், இரண்டு குழந்தைகள். இனிமேல் பட்டம் வாங்க முடியுமா?
(ஸ்டாஃப் நர்ஸ், குறிஞ்சிப்பாடி)

பதில்: முடியும் சிஸ்டர். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. உங்களுக்காகவே இருக்கிறது, 2 ஆண்டு. நாலு வருடத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டாம். வார்டில் நின்ற அனுபவம் வகுப்பில் உங்களை முன்வரிசையில் உட்கார வைக்கும்.

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங்கில் எந்தப் பிரிவை எடுக்கலாம்?
(நர்சிங் மாணவி, கடலூர் முதுநகர்)

பதில்: பிரிவுகள் ஐந்து: மருத்துவம்–அறுவை சிகிச்சை, குழந்தைகள் நலம், மகப்பேறு–மகளிர் நலம், மனநலம், சமூக நலம். பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஓராண்டு பணி அனுபவமும் வேண்டும்; படிப்பு 2 ஆண்டு. கல்லூரியில் கற்பிக்க ஆசை என்றால் இதுதான் வாசல். தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்க விருப்பமா? கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு தனியாக இருக்கிறது. நம் கடலூர் மாவட்டத்துக்காக ஒரு வேண்டுகோள்: 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடிமேல் அடி வாங்கிய கடற்கரை இது. மனநலமும் சமூக நலமும் படித்த நர்ஸுகள் இங்கே நிறைய வேண்டும். வருமானம் குறையுமோ என்று அந்த இரண்டையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: பையன்கள் நர்சிங் படிக்கலாமா?
(மாணவன், பரங்கிப்பேட்டை)

பதில்: தாராளமாக. பி.எஸ்சி.யில் ஆண்களுக்கும் இடம் உண்டு. கேலி செய்கிற நண்பன் ஒருநாள் விபத்தில் அடிபட்டு வந்தால், நீதான் அவனைத் தூக்கி நிறுத்துவாய்.

கேள்வி: பணத்துக்கு என்ன செய்வது?
(விவசாயி, அண்ணாகிராமம் ஒன்றியம்)

பதில்: மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், 2022இல் தொடங்கியது. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024இலிருந்து. முதல் பட்டதாரிச் சலுகையையும், எஸ்.சி., எஸ்.டி. கல்வி உதவித்தொகையையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் அரசுக் கல்லூரி; கிடைக்காவிட்டால்தான் மற்றது.

கேள்வி: வெளிநாடு?
(நர்சிங் மாணவி, விருத்தாசலம்)

பதில்: அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு. பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வும் அவர்களுடைய நர்சிங் கவுன்சில் நடத்தும் தேர்வுகளும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து ஆள் அனுப்புகிறது. ஏஜென்ட்டிடம் போகும் முன் அங்கே விசாரியுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு எப்போது வந்தது?
(ஆசிரியர், திட்டக்குடி)

பதில்: 1946இல், டெல்லியிலும் வேலூரிலும். வேலூரில் ஐடா ஸ்கடர் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1909. அது பட்டமாக வளர 37 ஆண்டு பிடித்தது. விடுதலைக்கு முன்பே நம் மண்ணில் வேர் விட்ட படிப்பு இது.

கேள்வி: ராத்திரி டியூட்டி இருக்கிறதே, பெண்ணை எப்படி அனுப்புவது?
(ஒரு தாய், காட்டுமன்னார்கோவில்)

பதில்: உங்கள் கவலை நியாயம்தான். அதைப் படிப்பின் மேல் காட்டாமல், நிர்வாகத்திடம் கேள்வியாகக் கேளுங்கள்: விடுதி எங்கே, போய்வர வண்டி உண்டா, வார்டில் பாதுகாப்புக்கு யார்? நோய் ராத்திரியில் தூங்குவதில்லை. 2020இல் கொரோனா வார்டுகளில் இரவு பகல் பாராமல் நின்றவர்களும் யாரோ ஒரு தாய் தயங்கித் தயங்கி அனுப்பிய பெண்கள்தான்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லுங்களேன்?
(வாசகர், வடலூர்)

பதில்: கவுன்சில் பதிவு கிடைக்கும் படிப்பு என்றால் கடன் வாங்கியாவது சேருங்கள், கிடைக்காத படிப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.