பினாங்கில் பிறந்த அர்ஜென்டினா தாத்தா

நம் காற்பந்து மேதைகள் ஒரு மகத்தான கண்டுபிடிப்பைச் செய்தார்கள். ஆட்டக்காரனை வளர்க்க வேண்டாம், திடலுக்குப் புல் வெட்ட வேண்டாம், பள்ளிப் பையன்களைத் தேடி வெயிலில் அலைய வேண்டாம். வெளிநாட்டு ஆட்டக்காரனின் தாத்தாவை மலேசியாவில் பிறக்க வைத்தால் போதும்.

2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று நொறுக்கினோம். முதல் இரண்டு கோல்கள் பிரேசில்கார ஃபிகெய்ரெடோவும் அர்ஜென்டினாக்கார ஹோல்காடோவும் அடித்தவை. அரங்கமே எழுந்து குதித்தது. நானும்தான் குதித்தேன், கோலைப் பார்த்து யார் பாட்டியின் பிறந்த ஊரை விசாரிப்பார்? இவர்கள் ஆடத் தகுதியானவர்கள்தானா என்று மறுநாளே ஃபிஃபாவுக்குப் புகார் போய்விட்டது.

செப்டம்பர் 26ஆம் தேதி தண்டனை வந்தது. மலேசியக் காற்பந்துச் சங்கம் கொடுத்த தாளில் ஃபக்குண்டோ கார்செஸின் தாத்தா பினாங்குக்காரர். அசல் பதிவில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே. ஜோன் இராசாபாலின் தாத்தா தாளில் சரவாக்கில் பிறந்தார். அசலில் ஸ்பெயினின் குவெர்னிக்கா. ஹெக்டர் ஹெவலின் தாத்தாவுக்குத் தாள் தந்த ஊர் மலாக்கா. அசலில் நெதர்லாந்தின் ஹேக் நகரம். டச்சுக்காரர்கள் மலாக்காவைக் காலி செய்துவிட்டுப் போனது 1825இல். சரியாக 200 வருஷம் கழித்து ஒரு டச்சுத் தாத்தாவை நாமே அங்கே மறுபடியும் குடியேற்றினோம். நன்றியுள்ள நாடு!

இப்படித் தாத்தா பாட்டி இடம் மாறிய ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 12 மாதத் தடை, 2,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். சங்கத்துக்கு 350,000 ஃபிராங்க். அந்தத் தீர்ப்பில் பெயர் போட்டுத் தண்டிக்கப்பட்டவர்கள் எல்லாரும் பந்தை உதைத்தவர்கள். தாளைத் தேடியவர், திருத்தியவர், கையெழுத்து வாங்கியவர், அனுப்பியவர் யாருக்கும் அதில் பெயரே இல்லை. சங்கம் இதற்கு வைத்த பெயர் ‘தொழில்நுட்பத் தவறு’. ஒரே தொழில்நுட்பம் ஏழு குடும்பங்களில், நாலு நாடுகளில், ஒரே திசையில் தவறியிருக்கிறது. அக்டோபரில் பொதுச் செயலாளரை இடைநீக்கம் செய்தார்கள். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

தலைமைப் பயிற்றுநர் பீட்டர் கிளமோவ்ஸ்கி? அவர் அக்டோபரில் லாவோஸுக்கு எதிரான ஆட்டங்களுக்கு அணியைத் தயார் செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்து நடந்தது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையே இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன். இந்தக் காலத்துப் பயிற்றுநருக்கு ஆட்டக்காரன் எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை கிலோமீட்டர் ஓடினான், தொடைச் சதை எப்போது பிடிக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. உள்ளூர்ப் பையன் ஒரு பந்தைத் தவறவிட்டால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சு. ஏன் என்று கேட்டால் ‘மனப்பான்மை சரியில்லை’. சில மாதங்களுக்குள் ஏழு பேர் தத்தம் தாத்தா பாட்டியோடு வந்து இறங்கினால் மட்டும் ஒரு கேள்வி கிடையாது. வெற்றி வந்தால் அது பயிற்றுநரின் வியூகம். தடை வந்தால் ஆட்டக்காரனின் தலைவிதி.

2015இல் ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் 10-0 என்று தோற்றபோது டோல்லா சாலே பதவியை விட்டுப் போனார். அவர் யாருடைய பாட்டியையும் இடம் மாற்றவில்லை, தோற்றதற்கே போனார். கே. ராஜகோபால் 2010இல் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த பையன்களை வைத்துக்கொண்டே இந்தோனேசியாவை வென்று நாட்டுக்கு முதல் ஆசியான் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். கோல் கம்பத்தில் ஆர். ஆறுமுகம், தற்காப்பில் எம். சந்திரன் என்று பேசிப் பேசி மாய்ந்துபோகிறோமே, அவர்களையும் யாரும் கப்பலில் வரவழைக்கவில்லை. உள்ளூர் ஆட்டக்காரர்களையே நம்பி, பி. மணியம் பயிற்சியில் ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டி 2022 பருவத்தோடு லீக்கை விட்டே போய்விட்டது. நம் பையன்கள் ஏறிப் போக இருந்த ஒரு படியும் போனது.

இப்போது கோலசிலாங்கூர் பக்கம் வாருங்கள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. குழி தோண்டியவர்களும் களை பிடுங்கியவர்களும் யார் என்று புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வார். அந்தக் கிழவியிடம் ஐசி எனும் அடையாள அட்டையே இல்லை. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர், பிறப்பைப் பதியவில்லை. மகளுக்கும் அதே நிலை. மகள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள், கல்யாணத்தைப் பதியவில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்தால் சட்டப்படி பிள்ளை தாயின் வழி. அப்பன் குடிமகனாக இருந்தும் பேரன் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறான்.

இப்படிப்பட்ட வீட்டுப் பையன் இடது காலால் பந்தை வளைத்து அடிப்பான். தோட்டத்துத் திடலில் செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு ஆடுவான். அணித் தேர்வுக்குப் போனால் முதலில் கேட்பது ஐசி நகல். பதிவிலாகா கவுண்டருக்குப் போனால் அம்மாவின் பிறப்புப் பத்திரம், பிறகு பாட்டியுடையது, பிறகு தோட்டத்துக் கிராணியின் கடிதம், பிறகு பிரசவம் பார்த்தவளின் சத்தியப் பிரமாணம். பிரசவம் பார்த்தவள் செத்து முப்பது வருஷமாகிறது. அடுத்த மாதம் வாருங்கள்.

அந்த ஏழு பேருக்கு? கையால் எழுதிய அசல் பதிவு கிடைக்காததால், அந்தந்த நாடுகளிலிருந்து வந்த இரண்டாம் நிலை ஆவணங்களை வைத்தே பதிவிலாகா நகல் வழங்கியது என்று ஃபிஃபாவின் தீர்ப்பே சொல்கிறது. குடியுரிமைக்கு வேண்டிய வசிப்புக் காலத்தில் தம் விருப்புரிமையைப் பயன்படுத்தியதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கினார். அந்த விருப்புரிமை விமானமேறி புவனோஸ் அய்ரஸ் வரை போகிறது. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஜெராமுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பாட்டி இங்கேதான் பிறந்தார் என்று நிரூபிக்க அலையாதீர்கள்; அது உண்மை, அதனால் யாரும் நம்பமாட்டார்கள். பிரேசிலில் பிறந்தார் என்று எழுதிக் கொடுங்கள். மீதியை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாட்டியை ஜொகூருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பாடு. பையனுக்கு ஐசியும் ஜெர்சியும் ஒரே வாரத்தில் வந்தாலும் ஆச்சரியமில்லை. பின்னால் மாட்டிக்கொண்டால் தொழில்நுட்பத் தவறு என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் ஒன்று, அந்தச் சொல் அவர்கள் வாயில்தான் செல்லும். உங்கள் பையன் சொன்னால் போலீஸ் வரும்.