இடுப்பில் ஒரு மேக்னம்

கேள்வி: கோல சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் தினமும் மறைத்து எடுத்துச்செல்ல எந்த மேக்னம் சுழல்துப்பாக்கி பொருத்தம்?

பதில்: மாநிலக் காவல்துறைத் தலைவரின் உரிமம் இல்லையென்றால் எதுவும் பொருந்தாது. மலேசியாவின் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. .357 மேக்னம் 1935இல் அமெரிக்காவில் அறிமுகமானது. மறைப்பதற்கு ஏற்ற சிறிய, எடை குறைந்த துப்பாக்கியில்தான் அதன் பின்னுதைப்பு கடுமை. சட்டைக்குள் துப்பாக்கியை மறைக்கலாம். உதைப்பை மணிக்கட்டிடம் மறைக்க முடியாது.

வட சிலாங்கூர் மறக்கக்கூடாத சுழல்துப்பாக்கி வேறொன்று. 1948 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. தோட்டத் துரைமார் இடுப்பில் துப்பாக்கியோடு வேலைக்காட்டைச் சுற்றினார்கள். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கோ மரண தண்டனை விதிக்கலாம் என்றது அவசரகாலச் சட்டம். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். சுழல்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. அதற்கு உயிரைப் பறித்தது பெருங்கொடுமை. இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியும் பலனில்லை. 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.