வீட்டுப் பாண்

செட்டிகுளத்து மாமி வீட்டுக்குக் கனடாவிலிருந்து பாண் மெஷின் வந்திருக்கிறது. 1980களில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் சந்தைக்கு விட்ட சாமான். மாவையும் ஈஸ்ட்டையும் போட்டால் தானே குழைத்து, பொங்கவைத்து, சுட்டும் தரும். ‘பாரம்பரிய வீட்டுப் பாண்’ என்று ஒரு பொத்தான் வேறு. எந்த வீட்டுப் பாரம்பரியமோ! வன்னியில் வீட்டில் சுடுவது ரொட்டி. பாணுக்குப் பேக்கரிப் போறணை இருக்கிறது. மெஷின் கேட்பது 120 வோல்ட், எங்கள் சுவரில் 230. ட்ரான்ஸ்போமர் வாங்கினாலும், மூன்று மணித்தியாலம் கரண்ட் நிற்காமல் இருக்கவேணும். 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வெட்டின நாடு இது! தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோவோ கரண்டை நம்பாமல், பீத்தோவனை அலறவிட்டபடி படலைக்கே வருகிறது.

“பாண் எப்பிடி மாமி?” கனடா மருமகன் போனில்.

“பஞ்சு மாதிரி, தம்பி,” என்றபடி மாமி ஓட்டோக்காரனிடம் மிச்சக்காசை எண்ணி வாங்குகிறார்.