டிஷ்ஷைக் கழட்டப் போற மருமவனுக்கு

மருமவனே, டிஷ்ஷக் கழட்டிப் போட்டுட்டு இனிமே எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கலாம்னு நீ முடிவு எடுத்திருக்கியாம். என் தங்கச்சி, அதான் ஒங்க அம்மா, பீலிக்கரையில சொல்ல, ஒங்க அத்த காதுல விழுந்து, கொடம் நெறையறதுக்குள்ள சேதி எங்கிட்ட வந்து சேந்துருச்சு. நல்ல முடிவுதான். நான் குறுக்க நிக்க மாட்டேன். மாசாமாசம் பெட்டிக்குக் காசு கட்டுறோம், எரநூறு சேனல் வருது, அதுல நாம பாக்குறது அஞ்சு. மிச்சத்துல எவனோ இந்தியில கடுக விக்கிறான். நீ சொல்றது ஞாயம். கேட்டா ரெண்டு வார்த்த சொல்றேன். கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரியில வந்துச்சு. அதுக்கு மூணு வருசம் முந்தியே ஐடிஎன் வந்திருந்துச்சு. வந்து என்ன, நம்ம லயத்துல கரண்டு இல்ல. டீவி வாங்குனவன் கார் பேட்டரியும் சேத்து வாங்கணும். அத எஹலியகொட டவுனுக்குத் தோள்ல தூக்கிட்டுப் போயி சார்ஜ் ஏத்திக்கிட்டு, மறுபடி மேட்டுல தூக்கிட்டு வரணும். 1996 மார்ச் 17, லாகூர்ல கிரிக்கெட் உலகக் கிண்ண பைனல். அரவிந்த டி சில்வா நூறத் தாண்டிட்டான், இஸ்தோப்பு நெறைய சனம், வாசல்ல சனம், ஜன்னல்ல சனம். ஜெயிக்கப் போற நேரத்துல பேட்டரி செத்துப் போச்சு. கீழ நாட்டுப் பக்கம், அதான் சிங்கள ஊர்ல, பட்டாசு வெடிச்ச பொறகுதான் நாங்க கெலிச்சது எங்களுக்கே தெரிஞ்சுச்சு. அதனால ஒண்ணு சொல்றேன்: போன்ல வட்டம் சுத்துதுன்னு என்னயப் பயமுறுத்த முடியாது.

அதுக்கும் முந்தி நெலம தல கீழா இருந்துச்சு, அதையும் தெரிஞ்சுக்க. சினிமாப் பாட்டுக் கேக்கணும்னா அக்கரையில இருக்குறவன் இலங்கை வானொலியத்தான் திருப்புவான். கே. எஸ். ராஜா குரலும் அப்துல் ஹமீத் குரலும் மதுரையில, திருச்சியில டீக்கட டீக்கடையாக் கேக்கும். 1993 சித்திர வருசப் பொறப்புக்கு சன் டிவி வந்துச்சு. கொஞ்ச காலத்துல நாம டிஷ்ஷ நட்டுக்கிட்டு அவங்க வாசலப் பாத்து உக்காந்துட்டோம்.

சரி, டிஷ்ஷோட குத்தத்த நானே சொல்லிடுறேன், நீ சொல்றதுக்கு முந்தி. இது இரத்தினபுரிப் பக்கம். வானம் எப்ப ஒடையும்னு அதுக்கே தெரியாது. டிஷ்ஷுக்கு வர்ற அலைய மழைத்துளி குடிச்சுரும், படம் கட்டங் கட்டமா ஒடஞ்சு, 'சிக்னல் இல்லை'ன்னு எழுதிட்டு நிக்கும். இதுல பெரிய அக்கிரமம் எதுன்னா, மழ பெஞ்சா ரப்பர் மலையில பால் வெட்டும் கெடையாது. ஊரே காம்பராக்குள்ள சும்மா குந்திக்கிட்டு டீவி பாக்க நேரம் கெடைக்கிற அன்னிக்குத்தான் டீவி வராது. நாலு வாளி தண்ணி தூக்குற நாள்ல எல்லாம் கண்ணாடியாத் தெரியும்.

ஆனா போன் மழைக்குப் பயப்படாதுன்னு யார் ஒனக்குச் சொன்னா? மழைக்கு மரம் விழும், மரம் வயர்ல விழும், கரண்டு போகும், டவர்ல இருக்குற பேட்டரி கொஞ்ச நேரம் தம் கட்டும், அப்பறம் அதுவும் படுத்துரும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டு வெட்டுனாங்களே, அப்ப ஒங்கிட்ட போன் இருந்துச்சு. என்ன பாத்த? டார்ச் அடிச்சு வெத்தல பாக்கு தேடுனோம்.

கிரிக்கெட்டுக்கு வர்றேன். சேட்டலைட்டு பூமியிலேருந்து 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல நிக்குது. அவ்வளவு தூரம் ஏறி எறங்குறதுக்கு அலைக்கு கால் செக்கன் போதும். போன்ல வர்ற நேரடி அப்படி இல்ல. படத்தத் துண்டு துண்டா வெட்டி அனுப்புறாங்க, ஒரு துண்டு ஆறு செக்கன் கணக்குக்கு. ஒன் போன் ரெண்டு மூணு துண்டு கையில சேந்த பொறகுதான் மெல்லத் தொறந்து காட்டும். எல்லாம் கூட்டுனா அரை நிமிசம் பிந்தி, சமயத்துல அதுக்கும் மேல. கொழும்புல தனி வீட்டுல இருக்குறவனுக்கு இது ஒரு கொற இல்ல. நமக்கு? லயத்துச் செவரு கூர வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவுல டிஷ் இருக்குது. அவன் 'போச்சுடா'ன்னு தலையில அடிச்சுக்குவான், ஒன் போன்ல பவுலர் அப்பத்தான் பந்தத் தொடச்சுக்கிட்டு நடந்து வருவான். ஒவ்வொரு விக்கெட்டும் செவத்துக்கு மேல வந்து விழுந்த பொறகுதான் கண்ணால பாப்ப. நடக்கப் போறத முன்கூட்டியே சொல்ற மச்சான் பக்கத்துல இருந்தா மேட்ச் பாக்குறது எதுக்கு? காதுல பஞ்சு வச்சுக்க, இல்லாட்டி அவனையும் டிஷ்ஷக் கழட்டச் சொல்லு.

இன்னொண்ணு. கொழுந்து கிலோ கொறஞ்சா நமக்கு என்ன போடுறாங்க? அரைப் பேரு. பால் கொறஞ்சாலும் அதே அரைப் பேரு, அதாவது அரை நாள் சம்பளம். ஒன் ஆப்புல பாதி நேரம் வட்டம் சுத்துனா கம்பெனிக்கு அரைப் பேரு போடுற கணக்கப்பிள்ளை யாரு? அதுக்கு எப்பவும் முழுப் பேருதான். கட்டணத்தக் கூட்டுறதும் அவங்களுக்கு எவ்வளவு லேசு பாரு. நாள் சம்பளம் 1,000 ரூபாயா ஆகணும்னு வருசக்கணக்காத் தொண்ட கிழிய கத்தி, கூட்டு ஒப்பந்தம் பேசி, ரோட்டுல குந்தி, 2021-லதான் கெடச்சுச்சு. அது 1,350 ஆக 2024 வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தோம். ஆப்புக்காரன் ஒரு மெசேஜ் போடுறான், 'அடுத்த மாதம் முதல்'னு. முடிஞ்சு போச்சு. அவன்கிட்ட பேரம் பேச சங்கம் கெடையாது, சந்தா மட்டும் உண்டு.

இப்ப நீ அக்கரை ஆப்பப் போடப் போறேன்னு சொன்னியாமே. சன் டிவிக்காரங்க 2017-லயே ஒண்ணு தொடங்கிட்டாங்க, மத்தவங்களும் வச்சிருக்காங்க. இங்கதான் எனக்குச் சிரிப்பு வருது, மருமவனே. டிஷ்ஷுல வர்ற அலை, இந்தியாவுக்குன்னு வீசுனாலும் தனுஷ்கோடியோட நின்னுக்காது. தலைமன்னாரத் தாண்டி வந்து நம்ம தகரக் கூரையிலயும் விழும். அத இந்தியப் பெட்டி வச்சுப் புடிக்கிறதுக்கு இங்க லைசன் இருக்குதா, அந்தக் கதைக்குள்ள நான் போகல. அலைக்குக் கடல் தெரியாது, அவ்வளவுதான் சொல்றேன். ஆப்புக்குத் தெரியும். தொறந்த ஒடனே ஒன் இன்டர்நெட் எந்த நாட்டுலேருந்து வருதுன்னு பாத்துரும். ஒரே ஆப்பு, சென்னையில ஒரு பட்டியல், எஹலியகொடயில வேற பட்டியல். கிரிக்கெட் காட்டுற உரிமைய நாடு நாடா வெட்டி விக்கிறாங்க, படமும் அப்படித்தான். நீ ஆசையாத் தொறந்தா, 'இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது'ன்னு போடும்.

எந்த நாடு ஒங்க நாடுன்னு நம்மகிட்ட கேக்குறது புதுசா என்ன? 1948-ல சட்டம் போட்டு எங்கப்பாகிட்ட கேட்டாங்க. 1964-ல சிறிமாவோ அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் டெல்லியில குந்தி, 9 லட்சத்து 75 ஆயிரம் பேர எண்ணி வச்சு, அஞ்சே கால் லட்சம் அங்க, மூணு லட்சம் இங்க, மிச்சம் ஒண்ணரை லட்சத்த அப்பறம் பாத்துக்கலாம்னு பிரிச்சாங்க. ஒரே லயத்துல அண்ணன் அங்க, தம்பி இங்க. அந்தக் கணக்கு ஒரு வழியா முடிஞ்சது 2003-ல போட்ட சட்டத்தோட. ஐம்பத்தஞ்சு வருசம் ரெண்டு சர்க்காருக்கும் பதில் சொல்லத் தெரியாத கேள்விக்கு ஆப்பு ஒரு செக்கன்ல பதில் சொல்லிருது: நீ சிலோன்காரன், ஒனக்கு இந்தப் படம் கெடையாது. முன்னேத்தம்னா இதுதான். பிரஜாவுரிமை வேணும்னு பாரம் நெரப்புன எங்கப்பாவுக்கு இந்த ஆப்பக் காட்டியிருந்தா அழுதிருப்பாரு.

உள்ளூர் ஆப்பு போட்டுக்குறேன்னு சொல்லுவ. போடு. டயலொக்கும் பியோ டிவியும் சேனலெல்லாம் போன்லயும் தர்றாங்க, கார்டு கீர்டு தேவைப்படாம போன் கணக்குலயே கழிச்சுக்கவும் வழி இருக்குது. அது புத்திசாலித்தனம். அத நான் ஒத்துக்குறேன், எழுதி வச்சுக்க, அடிக்கடி நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனா போன் யாரோடது? ஒன்னோடது. நீ திங்கக்கெழம வெள்ளன அவிசாவளை வழியா கொழும்பு பஸ் ஏறுறப்ப அது எங்க இருக்கும்? ஒன் சட்டப் பையில. அப்ப நம்ம காம்பரா டீவி கொழும்புக்கு வேலைக்குப் போயிருது. சனிக்கெழம பொழுது சாயத்தான் வீடு திரும்பும். ஒங்க அம்மா கொழுந்து நெறுத்துட்டு, ஆத்துல குளிச்சுட்டு, ஏழு மணிக்குச் சீரியல் பாக்கக் குந்துனா முன்னுக்கு வெறும் செவரு. பாட்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, ரிமோட்டுல மூணாவது பட்டன அமுக்கினா முருகன் வருவாருன்னு மட்டும் தெரியும். அந்த மூணாவது பட்டனக் கழட்டிட்டு அவங்க கையில எதக் குடுப்ப?

ஸ்மார்ட் டீவி வாங்கி ஆப்ப அதுலயே போட்டு வச்சுட்டுப் போறேன்னு சொல்லுவ. அதையும் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு நாளைக்கு ஆப்பு தானா வெளிய போயிரும், மறுபடி நம்பர் கேக்கும். அந்த ஓடிபி எங்க போகும்? ஒன் போனுக்கு. ஒன் போன் எங்க? கடை முதலாளி மேச லாச்சியில. ஒங்க அம்மா எடுப்பா, நீ தூக்க மாட்ட. சாமான் கட்டி முடிச்சு நீ திருப்பி எடுத்து ஆறு எலக்கத்தச் சொல்றதுக்குள்ள நம்பர் செத்துரும். ரெண்டாவது தரம் எடுக்கையில நாயகி கோர்ட்டுலேருந்து வீட்டுக்கே போயிருப்பா. அப்பறம் இன்னொரு சங்கதி: ஒரே நேரத்துல எத்தன பேர் பாக்கலாம்னு கணக்கு வச்சிருக்கான். மலிவுப் பெக்கேஜ்னா ஒரு ஆள்தான். நீ ராத்திரி போர்டிங் ரூம்ல மல்லாந்து படம் பாத்தா, இங்க ஒங்க அம்மா சீரியல் நின்னு போகும். மகன் வெளிய தள்ளிட்டான்னு அவளுக்குத் தெரியாது. ரவுட்டரத் தட்டுவா.

ரவுட்டர்னு சொன்ன ஒடனே டேட்டாக் கணக்கும் பாத்துருவோம், நானும் அஞ்சாம் வகுப்பு படிச்சவன்தான். சாதாரணத் தெளிவுல ஒரு மணித்தியாலம் பாத்தா கிட்டத்தட்ட ஒரு ஜிபி குடிக்கும், எச்டின்னா மூணு வரைக்கும் போகும். ஒங்க அம்மா ராத்திரிக்கு நாலு சீரியல், ரெண்டு மணித்தியாலம். மாசத்துக்கு 60 ஜிபி, சீரியலுக்கு மட்டும். எச்டி வச்சா 180. இதுல என் மேட்ச் இன்னும் சேரல. அந்த ரீலோட் காசையும் பெட்டிக் காசையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாரு. நான் சொல்ல மாட்டேன், நீயே பாத்து மொகத்த மாத்திக்க. சில வீட்டுப் பெக்கேஜ்ல பெரிய பங்க நடுச்சாமம் 12 மணியிலேருந்து காலையில 8 மணி வரைக்கும் பாக்கத் தருவாங்க. அந்த நேரத்துல தோட்டத்துல யார் முழிச்சிருக்கா? பாதி நேரம் நாய். மீதி நேரம் பால் வெட்டப் போறவன், நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு. அவன் எந்தக் கண்ணால சீரியல் பாக்குறது?

வெளையாட்டு போதும், ஒண்ணு மெய்யாலுமே சொல்றேன். நீ டிஷ் வச்சுக்கிட்டாலும் சரி, ஆப்பு போட்டாலும் சரி, கொஞ்சம் கம்பி வாங்கி ஒரு பழைய அன்டனாவக் கூரையில ஏத்தி வை. வசந்தம், சக்தி, நேத்ரான்னு உள்ளூர்த் தமிழ்ச் சேனலுக்கு மாசக் கட்டணம் கெடையாது. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுறப்ப இரத்தினபுரி மாவட்டத்துல எஹலியகொட பேரு அடிக்கடி வருது. நம்ம வீட்டுல என்ன நெலம? சென்னையில மழ பெஞ்சா வேளச்சேரியில எத்தன அடி தண்ணின்னு பாட்டி சொல்லுவாங்க. லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சிருக்குறத கீழ நாட்டுக்காரன் ஓடி வந்து சொல்லணும். அக்கரைச் சேனல் நம்ம மலையக் காட்டாது. ஆப்பும் காட்டாது, நாமளாத் தேடுனாலொழிய. அன்டனா, கூட ஒரு பேட்டரி ரேடியோ. இதுக்கு மட்டும் எதிர்ப் பேச்சு பேசாத.

மத்தபடி ஒன் இஷ்டம். வீட்டுல சம்பாதிக்கிறவன் நீ, நான் என்ன, சாயங்காலத்துல ஒங்க இஸ்தோப்புல வந்து குந்திட்டு, ஒரு பிளேன்டீ குடிச்சுட்டு எந்திரிச்சுப் போறவன். எனக்கும் இந்த டிஷ்ஷுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கழட்டுனா தகரத்துல போல்ட்டு ஓட்ட நாலு இருக்கும், தாரு வச்சு அடைச்சிரு, மழ வருது. கழட்டுறது மட்டும் ஞாயித்துக்கெழம வச்சுக்க. சனிக்கெழம மேட்ச் இருக்குது.